பூச்சிகள் வாயால் மூச்சு விடுவதில்லை

கரப்பான் பூச்சி வாயால் மூச்சு விடுகிறது, அந்த ஆக்சிஜனை ரத்தம் உடல் முழுக்கக் கொண்டுபோகிறது என்று ஒருவர் எழுத, பலர் பகிர்ந்திருக்கிறார்கள். நம் உடலை வைத்து யோசித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பூச்சிகளின் மூச்சுக்கும் வாய்க்கும் தொடர்பில்லை.

கரப்பான் பூச்சியின் உடலில் இரு பக்கமும் சிறு துளைகள் உண்டு. மார்பில் 2 ஜோடி, வயிற்றில் 8 ஜோடி, மொத்தம் 20 துளைகள். காற்று அவற்றின் வழியே நுழைந்து, கிளை கிளையாகப் பிரியும் நுண்குழாய்களில் ஓடி, நேராகத் திசுக்களுக்கே போய்ச் சேர்கிறது. கார்பன் டை ஆக்சைடும் பெரும்பாலும் இதே வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை அதன் ரத்தத்துக்கு இல்லை. அந்த ரத்தம் சிவப்பாக இல்லாததும் அதனால்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அந்தக் குழாய்களின் சுருள் வளையங்கள். குழாய் அமுங்கிவிடாமல் தாங்குவது அவைதான்.

சரி, நீங்களே பார்க்கலாம். பட்டுப்புழு வளர்க்கும் இடத்துக்குப் போனால் நன்கு வளர்ந்த புழுவின் பக்கவாட்டைப் பாருங்கள். வரிசையாகத் தெரியும் கரும்புள்ளிகள், பக்கத்துக்கு 9, அத்தனையும் மூச்சுத்துளைகள். பெரிய வெட்டுக்கிளி கிடைத்தால், அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது வயிறு சுருங்கி விரிவதைக் கவனியுங்கள். அதுதான் அது மூச்சு விடும் அசைவு.