எழுவாய் எங்கே போனது?

லால்குடியில் இருக்கும் என் அத்தை 2023 செப்டம்பரில் ஒருநாள் போன் செய்தார். வங்கிக் கணக்கில் ஆயிரம் ரூபாய் ஏறியிருக்கிறது.

"டேய், நான் தகுதி வாய்ந்தவளாம்டா. கவர்மென்டே சொல்லிருச்சு. உங்க மாமா நாப்பது வருஷத்துல ஒருநாள் சொன்னதில்ல."

அத்தைக்கு அது நகைச்சுவை. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தத் 'தகுதி' என்ற சொல் எப்போது உள்ளே நுழைந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2021 தேர்தலில் திமுக மேடைகளில் நாம் கேட்டது, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் என்று. 2023 மார்ச் பட்ஜெட்டில் அது 'தகுதி வாய்ந்த குடும்பத் தலைவிகளுக்கு' என்று ஆனது. நடுவில் இரண்டே சொற்கள்தான் கூடின. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் ஐந்து ஏக்கர், புன்செய் பத்து ஏக்கரைத் தாண்டக்கூடாது, வருடத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல் கரன்ட் ஓடக்கூடாது, வீட்டில் கார் நிற்கக்கூடாது. இத்தனையும் அந்த இரண்டு சொற்களின் முதுகில் ஏறி வந்தவை. விண்ணப்பித்தவர்கள் ஒரு கோடியே 63 லட்சம் பேர், தொடக்கத்தில் கிடைத்தது ஒரு கோடியே 6 லட்சம் பேருக்கு.

திட்டத்தின் பெயர் 'உரிமைத் தொகை'. நல்ல பெயர். சமையலறையில் காலமெல்லாம் கூலியில்லாமல் உழைத்தவளுக்குக் கொடுக்கும் பணத்தைப் பிச்சை என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னதற்காக நான் கைதட்டியவன். ஆனால் உரிமைக்கு எதற்குத் தகுதி? தகுதி பார்த்துக் கொடுப்பதற்கு உதவித்தொகை என்று பெயர். வசதியுள்ளவர்களுக்கு வேண்டாம், இல்லாதவர்களுக்கு மட்டும் போகட்டும் என்று முடிவெடுத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது, அதை வெளிப்படையாகச் சொல்லலாம். 'உரிமை' என்ற சொல்லின் பெருமையும் வேண்டும், 'தகுதி' என்ற சொல்லின் சிக்கனமும் வேண்டும் என்றால் எப்படி? அத்தையின் எதிர்வீட்டு அம்மாவுக்கு அந்த மாதம் பணம் வரவில்லை. அவர் இழந்தது ஆயிரம் ரூபாய் மட்டும் இல்லை. தெருவில் 'தகுதியில்லாதவர்' ஆகிவிட்டார். இரண்டு நாள் அத்தையோடு பேசவில்லை.

அரசியல்வாதிகள் மொழியைக் கெடுக்கிறார்கள் என்று யாராவது எழுதினால், உடனே எல்லோரும் ஆபாசப் பேச்சு, ஒருமையில் திட்டுவது, சாதிப் பேச்சு இவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறோம். அவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு. கேட்பவனுக்கு உறுத்தும். எனக்குப் பெரிதாகப் படுவது உறுத்தாமல் போகும் வாக்கியங்கள்.

ஒரு நாளிதழில் பதினோரு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். என் வேலையில் பாதி, வரும் செய்திக்குறிப்புகளை வெட்டிச் சுருக்குவது. அப்போது கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். பாலம் திறந்தால் குறிப்பு இப்படி வரும்: "மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்கள் காணொலிக் காட்சி வாயிலாகத் திறந்து வைத்தார்கள்." எழுவாய் மட்டுமே ஒன்றரை வரி. இது எந்த ஆட்சியிலும் மாறவில்லை, பெயர்தான் மாறும். அதே பாலம் விரிசல் விட்டால்? "விரிசல் ஏற்பட்டது குறித்து விசாரணை மேற்கொள்ளப்பட்டு, உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." ஒருவரும் இல்லை. விரிசல் தானாக வந்தது, விசாரணை தானாக நடக்கும், நடவடிக்கை தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும்.

நம் மொழியில் இப்படி ஒளிந்துகொள்வது லேசில்லை. தமிழ் வினைமுற்று காட்டிக்கொடுக்கும் சாதி. 'செய்தேன்' என்றால் நான். 'செய்தோம்' என்றால் நாங்கள். எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் வால் வெளியே தெரியும். ஆளை மறைக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு சந்துதான் உண்டு, அஃறிணை. ஏற்பட்டது, நேர்ந்தது, நிகழ்ந்தது, வழங்கப்படும், பரிசீலிக்கப்படும், ஆவன செய்யப்படும். கவனித்துப் பாருங்கள், எதிலும் ஆள் இல்லை. உயர்திணையில் ஓட்டு கேட்டவர்கள் பதில் சொல்லும்போது அஃறிணை ஆகிவிடுகிறார்கள்.

எட்டாம் வகுப்பில் செயப்பாட்டுவினை நடத்தும்போது எங்கள் தமிழையா, "இதைத் தெரிஞ்சுக்கோங்க, ஆனா வீட்ல போய்ப் பேசிடாதீங்க" என்பார். உண்மைதான். 'என்னால் சோறு உண்ணப்பட்டது' என்று எந்த வீட்டிலாவது கேட்டதுண்டா? கண்ணாடி டம்ளரைக் கீழே போட்ட பிள்ளைதான் "உடைஞ்சிருச்சு" என்று சொல்லும். அம்மா விடமாட்டாள், "உடைஞ்சிருச்சா, உடைச்சியா?" என்பாள். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்நாட்டில் தெளிவாகப் புரிந்துவைத்திருப்பது அம்மாக்கள்தான்.

நான் ஒருமுறை ஒரு குறிப்பில் இருந்த 'மரங்கள் அகற்றப்பட்டன' என்பதை 'நெடுஞ்சாலைத் துறையினர் மரங்களை வெட்டினர்' என்று மாற்றினேன். மறுநாள் பத்திரிகையில் மரங்கள் மறுபடியும் 'அகற்றப்பட்டிருந்தன'. யார் மாற்றினார்கள் என்று கேட்டேன். "மாத்தப்பட்டுச்சு, விடு" என்றார் மூத்தவர். சிரிக்காமல்தான் சொன்னார்.

மரத்துக்கே இப்படி என்றால் மனிதர்களுக்கு? 2018 மே 22 தூத்துக்குடி. ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அடுத்த பல நாட்கள் நாம் கேட்ட சொற்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 'துரதிர்ஷ்டவசமான சம்பவம்', 'சமூக விரோதிகள் ஊடுருவினர்'. சுட்டவர்களுக்கு வாக்கியத்தில் இடமே இல்லை, செத்தவர்களின் பக்கம் மட்டும் பெயரில்லாத 'விரோதிகள்' வந்து நின்றார்கள். காவல்துறையைத் தன் கையில் வைத்திருந்த முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். செய்தவரும் இல்லை, செய்யச் சொன்னவரும் இல்லை, நம்மைப் போல அவரும் ஒரு பார்வையாளர். துப்பாக்கிச்சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, பழனிசாமிக்கு உடனுக்குடன் தகவல் போய்க்கொண்டிருந்தது, டிவியில் பார்த்ததாகச் சொன்னது சரியல்ல என்று அதில் இருந்தது. (பாருங்கள், நானே 'வைக்கப்பட்டபோது' என்று எழுதிவிட்டேன். பதினோரு வருடப் பழக்கம். வைத்தது திமுக அரசு.)

சாராய விஷயத்துக்கு வருவோம், இதில்தான் எல்லாக் கட்சியும் ஒரே இலக்கணம்.

டாஸ்மாக்கின் முழுப்பெயர் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம். 1983-ல் தொடங்கியது, 2003-லிருந்து சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. அந்தப் பெயரில் மதுவின் வாசனை கூடக் கிடையாது, பருப்பு விற்கிறார்கள் என்று நினைக்கலாம். போகட்டும். அது எந்தத் துறையின் கீழ் வருகிறது? மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. மதுவிலக்குத் துறை அமைச்சர் எழுந்து நின்று, மது விற்ற கணக்கைச் சட்டமன்றத்தில் வைக்கிறார். 2022-23-ல் 44 ஆயிரம் கோடிக்கு மேல், 2023-24-ல் 45 ஆயிரம் கோடிக்கு மேல். உலகத்தில் வேறெங்காவது புகை பிடிப்போர் சங்கத்துக்குப் புற்றுநோய் ஒழிப்புக் கழகம் என்று பெயர் வைத்திருப்பார்களா தெரியாது. பாட்டிலில் 'மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு' என்று அச்சிட்டு, அதை விற்றே நாட்டை நடத்துகிறோம். இன்னொன்று, 'மனமகிழ் மன்றம்'. தனியார் கிளப் பாருக்கு இப்படி ஒரு தமிழ்ப் பெயர் வைத்தவர் யாரென்று தெரிந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். எங்கள் பக்கத்தில் ஒன்று திறந்தபோது நூலகம் வருகிறதாக்கும் என்று ஒரு பெரியவர் விசாரிக்கப் போய்விட்டார்.

'படிப்படியாக மதுவிலக்கு' என்று ஜெயலலிதா 2016-ல் சொன்னார். பதவியேற்றதும் 500 கடை மூடினார். 2017-ல் பழனிசாமி இன்னொரு 500. 2023 ஜூனில் ஸ்டாலின் அரசு இன்னொரு 500. 'படிப்படியாக' என்பதில் எத்தனை படி என்று யாரும் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டியது நாம்.

2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் 20 பேருக்கு மேல் குடித்துச் செத்தபோது, காவல்துறைத் தலைமையிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. அது கள்ளச்சாராயம் அல்லவாம், தொழிற்சாலையில் பயன்படும் மெத்தனால் கலந்த விஷச்சாராயமாம். பரிசோதனைச் சாலைக்கு அந்த வித்தியாசம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் தமிழில் 'கள்ள' என்று ஒரு முன்னொட்டு போட்டால் கூடவே ஒரு கேள்வி வரும், காவல் எங்கே போனது என்று. 'விஷ' என்று போட்டால் அந்தக் கேள்வி வராது. குற்றவாளி வேதியியல் ஆகிவிடும். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் போனார்கள்.

பெயர் மாற்றுவதெல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அநியாயம். 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது, 'திருநங்கை' வந்தது. இவையும் அரசியல்வாதிகள் கையால் அரசாணைக்குள் வந்த சொற்கள்தான். பேருந்தில் என் காதால் மாற்றத்தைக் கேட்டிருக்கிறேன். 1967 ஜூலை 18-ல் சட்டமன்றம் 'தமிழ்நாடு' என்று பெயர் மாற்றத் தீர்மானம் போட்டது, அதற்கு முன் சங்கரலிங்கனார் அதே பெயருக்காகப் பட்டினி கிடந்து உயிரை விட்டிருந்தார். பெயர் சும்மா இல்லை என்று நமக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அதை வைத்து விளையாடவும் தெரிகிறது. ஒரே செயலுக்கு எத்தனை பெயர் பாருங்கள்: ஒருவர் கொடுத்தால் 'இலவசம்', 2011-க்குப் பிறகு இன்னொருவர் கொடுத்தால் 'விலையில்லா' மிக்சி, கிரைண்டர், மடிக்கணினி. பிரதமர் மோடி 2022-ல் அதையே 'ரேவடி' கலாச்சாரம் என்றார், வடக்கே எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்கிற மிட்டாய். தொழிற்சாலைக்குக் கொடுத்தால் மட்டும் எல்லாக் கட்சிக்கும் அது 'ஊக்கத்தொகை'. கிரைண்டர் வாங்கியவள் ஊக்கம் பெறமாட்டாளா?

ஒன்றிய அரசு செய்வது வேறு வகை. பெயரே புரியக்கூடாது. 1860-லிருந்து இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் 'பாரதிய நியாய சன்ஹிதா'. ஆங்கில அரசிதழிலும் இதே பெயர்தான். எஃப்ஐஆரில் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். எந்தச் சட்டத்தில் பிள்ளையைப் பிடித்தார்கள் என்று ஒரு தாய் வாசித்துச் சொல்ல நாக்கு புரளாது. இருந்தாலும் நம் ஊர் 'ஆவன செய்யப்படும்' அளவுக்கு அதன் மேல் எனக்குக் கோபமில்லை. புரியாதது புரியவில்லை என்று தெரிந்துவிடும். இது புரிந்த மாதிரியே இருந்து ஏமாற்றும்.

பழையவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்ற ஏக்கமும் எனக்கு இல்லை. ஆனால் 1967 தேர்தலில் திமுக சொன்ன ஒரு வரி இன்றும் எனக்குப் பிடிக்கும். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று பேச்சு. அதிலேயே "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று சொல்லிவிட்டார்கள். இயைபில் வைத்த தப்பிக்கும் வழி என்று காங்கிரஸ்காரர்கள் கேலி செய்தார்கள் என்று என் மாமா சொல்வார், அவர் அந்தக் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசை இவ்வளவு, வாக்கு இவ்வளவு என்று நடுவில் கோடு போட்டுக் காட்டிய வாக்கியம் அது. ஆட்சிக்கு வந்தபின் ஒரு படியைக்கூடச் சென்னையிலும் கோவையிலும்தான் தொடங்க முடிந்தது, அது வேறு. ஆனால் கோடு தெரிந்ததால்தான் எங்கே தவறினார்கள் என்று இன்றைக்கும் விரல் வைத்துக் காட்ட முடிகிறது. 2021-ல் சொன்ன ஐந்து சவரன் நகைக்கடன் தள்ளுபடியில் அப்படி விரல் வைக்க முடிந்ததா? அந்த ஆண்டு டிசம்பரில் பட்டியல் வந்தபோது 48 லட்சம் சொச்சம் கடன்களில் 35 லட்சத்துக்கு மேல் தள்ளுபடிக்கு உரியதல்ல என்றார்கள். லட்சியம் எது, நிச்சயம் எது என்று ஓட்டுப் போட்டபின்தான் தெரிந்தது.

மன்னிப்பு கேட்பதைப் பற்றி ஒரு பத்தி எழுத நினைத்தேன், "யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" வகையறா. அதில் 'பட்டிருந்தால்' ஒன்றே போதும், விட்டுவிடுகிறேன்.

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் இல்லை. கவுன்சிலர் தெருவுக்கு வந்திருந்தார், நல்ல மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்தார்.

"விரைவில் சரி செய்யப்படும்மா" என்றார்.

அத்தை மோர் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "யாரு தம்பி செய்வா?"

அவர் மோரைக் குடித்து முடிக்கிற வரைக்கும் அத்தை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.