ஆறு நிமிசத்தில் ஏழு புள்ளி

வெள்ளிக்கிழமை இரவு சரியா எட்டு மணிக்கு எங்கட வட்ஸ்அப் குழுவில ஆல்பத்தைப் போட்டன். எட்டு ஆறுக்கு முதல் புள்ளி விழுந்திட்டுது. "7/10. நல்லா இருக்கு." பக்கத்தில ஒரு கட்டைவிரல்.

ஆறு நிமிசம்! ஆறு நிமிசத்தில எங்கட வீட்டுக் கேத்தில்ல தண்ணிகூட வடிவாக் கொதிக்காது. அது பத்து உருப்படி உள்ள ஆல்பம். எந்தக் காதால கேட்டாய் ராசா நீ?

விசயம் தெரியாத ஆக்களுக்காக ஒரு சுருக்கம். 2020 மார்ச்சில நாடு முழுக்க ஊரடங்குச் சட்டம் போட்டு வீட்டுக்குள்ள அடைச்சாங்களே, அந்த நேரம் துவங்கின வட்ஸ்அப் குழு எங்கடது. திருகோணமலையில உவர்மலை, உப்புவெளி, திருக்கடலூர், கிண்ணியா, நிலாவெளி எண்டு எல்லாப் பக்கமும் ஆள் இருக்குது. ரெண்டு பேர் கனடாவில, ஒருத்தர் லண்டனில. மொத்தம் 14 பேர். கிழமைக்கு ஒருத்தர் ஒரு ஆல்பம் போடவேணும். மற்ற 13 பேரும் முதல் உருப்படியில இருந்து கடைசி வரைக்கும் அதே வரிசையில கேக்கவேணும். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் கதைக்கவேணும். சட்டம் அவ்வளவுதான். புள்ளி எண்ட ஒரு சொல் அதில எங்கயும் இல்லை.

அப்ப எவ்வளவு கதைச்சம் தெரியுமோ! 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரன்ட் வெட்டின காலத்தை மறந்திருக்க மாட்டியள். கரன்ட் இருக்கிற நேரம் பார்த்து ஆல்பத்தை இறக்கி வைக்கிறது. போனில முப்பது வீதம் சார்ச்சை மிச்சம் பிடிக்கிறது. பிறகு இருட்டுக்குள்ள விறாந்தையில பாயைப் போட்டு, நுளம்பு அடிச்சு அடிச்சுக் கேக்கிறது. வேற செய்ய ஒண்டும் இல்லை, போனை நோண்டினா சார்ச் போயிடும். அந்தக் காலத்தில வந்த குரல்பதிவுகளை இண்டைக்கும் அழிக்காமல் வச்சிருக்கிறன். நாலு நிமிசம், ஏழு நிமிசம் நீளம். பின்னால ஜெனரேட்டர் இரையும், நாய் குலைக்கும், ஆனா கதைக்கிற ஆள் அந்தப் பாட்டுக்குள்ள நிண்டு கதைப்பார்.

பிறகு கரன்ட் வந்திட்டுது. கூடவே எக்ஸலும் வந்திட்டுது.

எங்கட குழுவில ஒருத்தர் கணக்குப் பாக்கிற உத்தியோகம். நல்ல மனிசன், பேர் சொல்ல மாட்டன். "இப்பிடிக் கதைச்சுக்கொண்டே போனா எது சிறந்த ஆல்பம் எண்டு எப்பிடி முடிவு செய்யிறது?" எண்டு கேட்டார். ஏன் முடிவு செய்யவேணும் எண்டு நாங்கள் ஒருத்தரும் திருப்பிக் கேக்கேல்லை, அதுதான் நாங்கள் விட்ட பிழை. ஆளுக்குப் பத்துக்கு ஒரு புள்ளி, எல்லாத்தையும் கூட்டிச் சராசரி, தசம ரெண்டு தானம், மேல தங்கக் கலரில முதல் பத்து. அண்டையோட கதை முடிஞ்சுது. ஞாயிறு ஒன்பது மணிக்கு இப்ப வாறது இலக்கம் மட்டும்தான். 7. 6.5. 8. 7. 7. லொத்தர் சீட்டுப் பெறுபேறு வாசிக்கிற மாதிரி.

இந்தப் புள்ளிக்கு ஒரு அளவுகோல் இருக்குதோ? சத்தியமா இல்லை. ஓ.எல். சோதினையில 75க்கு ஏ, 65க்கு பி எண்டு சின்ன வயசில மண்டையில ஏத்தின சனம் நாங்கள். அதால 7 போட்டா "என்னடா, எனக்கு பி யோ?" எண்டு ஆல்பம் போட்டவருக்கு முகம் சுண்டிப்போகும். 7.5 போட்டா ஏ, சந்தோசம். அஞ்சுக்குக் கீழ போட்டா சொந்தக்காரன் செத்த வீட்டுக்குப் போகாத மாதிரி. ஆக, பத்துப் படியுள்ள ஏணியில எல்லாரும் ஆறுக்கும் எட்டுக்கும் இடையில தொங்கிக்கொண்டு நிக்கிறம்.

அங்கதான் பழிவாங்கல் புள்ளி வேலை செய்யிது. "அவர் என்ர ஆல்பத்துக்கு அஞ்சு போட்டவர், அவற்றை வரட்டும் பாப்பம்." கணக்கைப் பாருங்கோ. 11 பேர் 8 போடுறாங்கள், கோவக்காரர் ரெண்டு பேர் 1 போடுறாங்கள். கூட்டி 13ஆல பிரிச்சா 6.92. எட்டில நிக்கவேண்டிய ஆல்பம் ரெண்டு பேரின்ர கோவத்தில ஏழுக்குக் கீழ. ஒரு உருப்படியும் கேக்காத ரெண்டு பேர்! கள்ள வோட்டுக்குக்கூட விரலில மை பூசுறாங்கள், இதுக்கு அதுவும் இல்லை.

இன்னொரு வகை இருக்குது, ஊர்ப்பாசப் புள்ளி. எங்கட திருகோணமலைப் பிள்ளைகள் பரமேஸ்–கோணேஸ் சகோதரர்கள் பாடின பொப்பிசைப் பாட்டுகளை ஒரு கிழமை ஒருத்தர் தொகுத்துப் போட்டார். இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை எண்டு கதைச்சா விட்டிட்டுக் கதைக்க ஏலாத ஆக்கள். எனக்கு உயிர். ஆனா என்ன நடந்தது? வெளிநாட்டில இருந்து ரெண்டு 10, "எங்கட ஊர் எண்டால் சும்மாவா" எண்டு. எந்தப் பாட்டு, அதில கிற்றார் என்ன செய்யிது, அந்தக் குரலில என்ன இருக்குது, ஒரு சொல்லு இல்லை. ஊருக்குப் புள்ளி போட்டவை, பாட்டுக்கு இல்லை.

கேக்கிற விதத்தைச் சொன்னா இன்னும் கொதிக்கும். போன வருசம் ஒருத்தர் பிங்க் ஃபுளோயிட் எண்ட பிரிட்டிஷ் ரொக் குழுவின்ர 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' போட்டார். 1973இல வந்தது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல் ஒண்டுக்குள்ள ஒண்டு வழுகிப் போற மாதிரிச் செய்தது. இதயத் துடிப்பில துவங்கி இதயத் துடிப்பிலயே முடியும். எங்கட குழுவில வந்த விமர்சனம் ரெண்டைச் சொல்லுறன்.

ஒண்டு: "முதல் கொஞ்ச நேரம் ஒண்டும் கேக்கேல்லை. ஃபைல் பழுது போல. 5." அடேய், அது துடிப்பு! மெதுவா, ஆழத்தில இருந்து எழும்பி வரும். நீ டச் பே கடற்கரையில, சோளகக் காத்துக்குள்ள, போனில இருக்கிற அரை விரல் ஸ்பீக்கரில போட்டா அது எப்பிடியடா கேக்கும்?

மற்றது: "பாட்டெல்லாம் நடுவில வெட்டுப்பட்டு நிக்குது. ஒண்டுக்கொண்டு சம்பந்தமே இல்லை. எடிட்டிங் சரியில்லை. 4." விசாரிச்சுப் பாத்தா, ஆள் காசு கட்டாமல் செயலியைப் பாவிச்சிருக்கிறார். அது சீட்டுக்கட்டு மாதிரிக் கலைச்சுப் போட்டு, நடுவில சவர்க்கார விளம்பரமும் குடுத்திருக்குது. சவர்க்காரத்துக்கும் சேர்த்துத்தான் அந்த 4. வரிசை எண்டது எவ்வளவு பெரிய விசயம் தெரியுமோ? 2021 நவம்பரில அடேல் எண்ட பாடகி, வரிசை குழம்பாமல் ஆல்பத்தைக் கேக்கவேணும் எண்டு கேட்டு, ஸ்பொட்டிஃபை எண்ட பாட்டுச் செயலி, காசு கட்டிக் கேக்கிற ஆக்களுக்கு ஆல்பப் பக்கத்தில கலைச்சுப்போடுற பட்டனைப் பின்னுக்குத் தள்ளினது. ஒரு பாடகி ஒரு கம்பனியிட்டக் கேட்டு வாங்கின விசயம் அது. எங்கட ஆளுக்கு ஒரு நட்புக்குக்கூட அந்த வரிசையை மதிக்க ஏலாமல் கிடக்குது.

ஒரு காதில மட்டும் புளூடூத் மாட்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு கிண்ணியாப் பாலத்தில போகேக்க கேட்டன் எண்டு ஒருத்தர். இடது காதுக்கு வாறதும் வலது காதுக்கு வாறதும் வேற வேற ஐயா. பாதி ஆல்பம் உமக்கு வரவே இல்லை. பாதியைக் கேட்டவர் புள்ளியையும் பாதியாப் போட்டாரோ எண்டால், அதுவும் இல்லை, முழுசா 6.

சரி, என்ர முறைக்கு வாறன். 14 கிழமைக்கு ஒருக்காத்தான் எனக்கு முறை வரும். மூண்டு இரவு யோசிச்சு இளையராஜாவின்ர 'ஹவ் டு நேம் இட்?' போட்டன். 1986இல வந்தது. படப்பாட்டு இல்லை, வாத்திய இசை. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹ்குக்கும் காணிக்கை எண்டு சொல்லிச் செய்தது. அதில ஒரு உருப்படியின்ர பேர் 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்', பாஹை என்ர வீட்டில சந்திச்சன் எண்டு. வி.எஸ்.நரசிம்மன் வயலின். எங்கட மாமா ஒரு கசெற் வச்சிருந்தவர். நாடா இறுகினா பேனையை விட்டுச் சுத்தி இளக்கித் திருப்பியும் கேப்பார். முன்னுக்கு ஓட்டினா நாடா சிக்கும் எண்ட பயத்திலயே முழுசாக் கேட்டு வளர்ந்த காது என்ர. (பழைய காலம் பொற்காலம் எண்டு சொல்ல வரேல்லை. அந்தக் கசெற்றின்ர பின்பக்கத்தில பாதி மாமாவின்ர இருமல்.)

வந்த புள்ளிகள்: "6. பாடகர் ஆர்? குரலே வரேல்லை." "6.5. பின்னணி இசை மாதிரி இருக்கு, படம் எது?" பிறகு வந்ததுதான் உச்சம். "5. ரஹ்மானோட ஒப்பிட்டா இது கொஞ்சம் பழசு." அந்த ஆல்பத்தில ஒரு உருப்படிக்குப் பேரே 'டோன்ட் கம்பேர்'! ஒப்பிடாதே எண்டு அந்த மனிசன் 1986இலயே பேர் வச்சிட்டார். பேரைக்கூட வாசிக்காமல் புள்ளி போடுறாங்கள்.

எட்டு ஆறுக்கு 7 போட்ட தம்பியை அடுத்த நாள் பின்னேரம் டச் பேயில பிடிச்சன். கடலை வண்டிக்குப் பக்கத்தில நிண்டார். வாங்கின கடலைச் சுருளைப் பறிக்கிற மாதிரி, ஊருக்குள்ள திரியிற மான் ஒண்டு அவருக்குப் பின்னால நிண்டது.

"தம்பி, ஏழு போட்டனீங்கள், சந்தோசம். எது பிடிச்சது?"

"எல்லாமே ஓகே அண்ணே."

"பாஹ் வீட்டுக்கு வந்த துண்டு எப்பிடி?"

"பாக்கோ? வெத்திலைப் பாக்கோ அண்ணே?"

மான் கடலையைக் கவ்வினது. எனக்கு அதில ஒரு சின்ன ஆறுதல், பொய் சொல்லுவானேன்.

"உண்மையைச் சொல்லு, கேட்டனியோ?"

"இல்லை அண்ணே. கடைசி ஆளாப் போட்டா ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்கள். முதல் ஆளாப் போட்டா இசை தெரிஞ்ச ஆள் எண்டு நினைப்பாங்கள். ஏழு எண்டால் ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டாங்கள்தானே."

பிழை சொல்ல ஏலாத தர்க்கம், அதுதான் எரிச்சல். ஏழு எண்டது புள்ளியே இல்லை, கலியாண வீட்டில மொய் எழுதுற மாதிரி ஒரு மரியாதை. வந்தன், எழுதினன், சாப்பிடாமல் போறன்.

எண் போடுறது புதுப் பழக்கம் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். எங்கட இலங்கை வானொலியில 1952இல துவங்கின 'பினாகா கீத்மாலா' எண்ட இந்திப் பாட்டு நிகழ்ச்சியில அமீன் சயானி பாட்டுகளை வரிசைப்படுத்தினவர். இந்தியா முழுக்கச் சனம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. ஆனா அது வரிசைக்குள்ள வாற ஒவ்வொரு பாட்டையும் வானொலியில ஓடவிட்ட நிகழ்ச்சி. இலக்கத்தை மட்டும் வாசிச்சிட்டுப் போயிருந்தா ஒருத்தன் கேட்டிருப்பானோ?

நானும் சுத்தமான ஆள் இல்லை. கிண்ணியாவில இருந்து ஒரு ஆசிரியர் போட்ட நாதஸ்வரத் தொகுப்புக்கு, பாதியில நித்திரை கொண்டுபோட்டு, விடிய எழும்பி 8 போட்டிருக்கிறன். அவர் "நன்றி சேர்" எண்டு போட்ட பதிலை இண்டைக்கும் பாக்க வெக்கமா இருக்குது.

ஞாயிறு இரவு பத்து மணி தாண்டி நிலாவெளி அக்கா எழுதினா. குழுவில ஆகக் குறையக் கதைக்கிற ஆள். "தம்பி, சட்டி பானை கழுவிக்கொண்டு கேட்டனான். பாஹ் வீட்டுக்கு வந்து, பிறகு ரெண்டு பேரும் கதைச்ச மாதிரி அடுத்தது ஒண்டு வருமே, அதுக்குள்ள ஒரு வயலின் கேள்வி கேக்குது, மற்றது சொல்லுது, முதலாவது விடாமல் திருப்பியும் கேக்குது. தண்ணிச் சத்தம் இடைஞ்சலா இருந்தது, பைப்பைப் பூட்டிட்டு அப்பிடியே நிண்டன். கையில சவர்க்காரம் காஞ்சு போச்சு. எங்கட அம்மாவும் பெரியம்மாவும் கிணத்தடியில இப்பிடித்தான் கதைப்பினம், ஒருத்தி முடிக்க முதல் மற்றவ துவங்கிடுவா."

அந்தத் துண்டின்ர பேர் 'அண்ட் வீ ஹாட் அ டோக்'. இதை வாசிச்சிட்டு என்ன எழுதுறதெண்டு தெரியாமல் போனைப் பிடிச்சுக்கொண்டிருந்தன். அதுக்குள்ள கணக்குப்பிள்ளை வந்திட்டார்.

"அக்கா, புள்ளி எத்தனை?"

"புள்ளி எனக்குத் தெரியாது தம்பி."

"சரி அக்கா."

திங்கள் விடிய எக்ஸல் வந்தது. 12 பேர் போட்டதைக் கூட்டினா 81, சராசரி 6.75 வரவேணும். மேல 6.23 எண்டு கிடந்தது. ஏன் எண்டு தேடிப்பாத்தன். கட்டத்தை வெறுமையா விட மனம் வரேல்லையாம் அவருக்கு. நிலாவெளி அக்காவின்ர பேருக்கு நேர 0 எண்டு அடிச்சிருக்கிறார்.