அந்த அட்மிட் அவளுடையதுதான் சார்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் அட்மிட் (சேர்க்கை அனுமதி) வாங்கிய ஒரு பெண்ணைக் கல்லூரி மேடையில் வைத்துச் சிரித்த அந்த வீடியோவை ஆளாளுக்கு அனுப்பி "நீங்க என்ன சொல்றீங்க மேம்?" என்று கேட்டுவிட்டீர்கள். நேற்றே எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுத வேண்டாம் என்று எழுந்து போய்விட்டேன். இன்றைக்கும் கோபம் போகிற மாதிரி தெரியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே ஒன்று. அந்தப் பெண் மேடையில் நன்றி சொன்ன "அக்கா" நான் இல்லை. அவர் யாரென்றும் எனக்குத் தெரியாது. ஆனால் மதுரையில் உட்கார்ந்துகொண்டு நானும், விண்ணப்பக் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கு உதவுகிற இதே வேலையைத்தான் செய்கிறேன். அதனால் அந்தச் சிரிப்பு எனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளை என்ன சொல்லிவிட்டாள்? "எஸ்ஓபி எழுதறதுக்கு ஒரு அக்கா ஹெல்ப் பண்ணாங்க, அவங்களுக்கு தேங்க்ஸ்." இவ்வளவுதான். எஸ்ஓபி என்பது, ஏன் இந்தப் படிப்புக்கு வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தர வேண்டிய கட்டுரை. உடனே சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "அப்போ இது உன் அட்மிட் இல்லம்மா, அந்த அக்காவோட அட்மிட்" என்கிறார். அரங்கமே சிரிக்கிறது. முதல்வர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். அவள் கையில் பூங்கொத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

விருந்தினர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு அவரைப் பற்றி ஆகிவிடும். அவர் சொன்ன கருத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் அது அவருடைய கருத்து மட்டும் இல்லை. கமெண்டில் "கரெக்ட்டாத்தானே கேட்டார்" என்று எழுதியவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு.

உதவி வாங்குவது வேறு, எழுதி வாங்குவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களுக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, இல்லை தெரிந்தே குழப்புகிறார்கள்.

என்ன நடக்கிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். போன சீசனில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். மின்னணுவியல் படித்தவன், அப்பா தீப்பெட்டி ஆலையில் வேலை. முதல் டிராஃப்ட் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தொடக்கத்தில் கலாம் ஐயாவின் கனவு. அடுத்த வரியில் "சிறு வயதிலிருந்தே மின்னணுச் சாதனங்கள் மீது தீராத ஆர்வம்". கடைசியில் "உங்கள் மதிப்புமிக்க பல்கலைக்கழகம்". கல்யாணப் பத்திரிகை மாதிரி, பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். நடுவில் ஒரே ஒரு வரி: ஐஓடி (இணையத்தோடு இணைக்கும் கருவிகள்) வைத்து ஒரு புராஜெக்ட் செய்தேன்.

"என்ன புராஜெக்ட்ப்பா?" என்று கேட்டேன்.

"சும்மா ஹியுமிடிட்டி சென்சார் மேம்."

"எதுக்கு ஹியுமிடிட்டி?"

அப்புறம்தான் வந்தது கதை. ஐப்பசி மழையில் மருந்தில் தோய்த்தெடுத்த தீக்குச்சி காயாது. காயாவிட்டால் அன்றைய வேலை வீண். அறையில் எவ்வளவு ஈரம் என்று அங்கே யாரும் அளப்பதில்லை, கையால் தொட்டுப் பார்ப்பதுதான். இவன் ஈரப்பதம் அளக்கும் மலிவான டிஹெச்டி11 சென்சார் மூன்று வாங்கி அறையில் மாட்டியிருக்கிறான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண் காட்டியிருக்கிறது. எது உண்மை என்று எப்படித் தெரியும்? வீட்டு டிபன் பாக்ஸில் உப்பைக் கொட்டி, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரிக் குழைத்து, மேலே சென்சாரை வைத்து மூடி ராத்திரி முழுக்க விட்டிருக்கிறான். உப்பு கரைந்து தீராமல் மிச்சம் இருக்கிற வரைக்கும் அந்த மூடிய பெட்டிக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். காலையில் பார்த்தால் ஒரு சென்சார் 82, இன்னொன்று 70. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திருத்தம் போட்டிருக்கிறான்.

"இதை ஏன் எழுதலை?"

"டிபன் பாக்ஸ்னு எழுதினா சிரிக்க மாட்டாங்களா மேம்?"

நான் செய்த வேலை இவ்வளவுதான். அவன் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டு வந்ததை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். எங்கே தடுக்குகிறதோ அங்கே "இதுல என்ன சொல்ல வர்றே?" என்று கேட்டேன். ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் விட்டுப்போன இடங்களைச் சுற்றி வட்டம் போட்டேன், திருத்தியது அவன். பேனா என் கைக்கு வராது, அது என் விதி. நாலைந்து டிராஃப்ட் தாண்டிக் கடைசியில் வந்த கட்டுரையில் கலாம் இல்லை, தீராத ஆர்வம் இல்லை, டிபன் பாக்ஸ் இருந்தது.

சரி, இப்போது சொல்லுங்கள். அந்த உப்பைக் குழைத்தது நானா?

"அதெல்லாம் இருக்கட்டும், நாங்க எல்லாம் யார் உதவியும் இல்லாமத்தான் எழுதினோம்" என்று ஒரு கோஷ்டி. உண்மையாகவா? நான் பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய காலத்தில் ஸ்டாஃப் ரூமில் என் எதிர் மேஜைக்காரர் மகனின் எஸ்ஓபியை எங்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டுவார். அதை ஓஹையோவில் பேராசிரியராக இருந்த மாமா ஒரு தடவை பார்த்தார். கலிஃபோர்னியாவில் இருந்த அத்தை மகள் ஒரு தடவை பார்த்தாள். என்னிடமும் கொடுத்தார், நானும் பார்த்தேன், ஒரு பைசா வாங்கவில்லை. அதற்கு யாரும் ட்யூஷன் என்று பெயர் வைக்கவில்லை. "குடும்பத்துல எல்லாரும் படிச்சவங்க" என்று பெயர். அதே மனிதர்தான் நேற்று காலை அந்த வீடியோவை பழைய ஸ்டாஃப் குரூப்பில் போட்டு, பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையும் போட்டார்.

பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மாமா இருக்கிறவனுக்கு மாமா. மாமா இல்லாதவனுக்கு ஒரு அக்கா. மாமா பார்த்தால் வழிகாட்டல், அக்கா பார்த்தால் ஏமாற்று வேலை. நல்ல நியாயம்.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் முதுநிலை, ஆய்வுப் படிப்புகளில் இருந்த இந்திய மாணவர்கள் மட்டும் 1,96,567 பேர். இத்தனை பேரும் கதவைச் சாத்திக்கொண்டு தன்னந்தனியாக எழுதினார்கள் என்று நம்புகிறவர்கள் கை தூக்குங்கள்.

விண்ணப்பம் வாங்குகிற இடத்திலேயே இதைத் தப்பாக நினைக்கிறார்களா? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல், கணினித் துறையில் படிக்கும் ஆய்வு மாணவர்களே, வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு வழிகாட்டவென்று ஒரு திட்டம் நடத்துகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு கணினித் துறை மாணவர்களும் விண்ணப்பம் போகிறதற்கு முன்னால் எஸ்ஓபியைப் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். பெர்க்லி, கார்னகி மெலன் எல்லாவற்றிலும் இந்த மாதிரி உண்டு. அங்கே பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் ரைட்டிங் சென்டர் என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் எழுதித் தர மாட்டார்கள், உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். அங்கே இருப்பவர்களுக்கு ஒழுக்கக்கேடாகத் தெரியாதது நம்ம ஊர் மேடைக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

இன்னும் ஒரு ஆளைச் சொல்கிறேன், கேளுங்கள். 1913 ஜனவரி 16 தேதியிட்ட ஒரு கடிதம். மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியது. உலகத்திலேயே பெயர்பெற்ற எஸ்ஓபி என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. பிற்பாடு ராமானுஜனைப் பற்றிச் சொல்லும்போது ஹார்டியே சொன்னார்: அந்தக் கடிதங்கள் முழுக்க ராமானுஜன் கைவண்ணம் என்று நான் நம்பவில்லை, அந்த வயதில் அவருடைய ஆங்கிலம் அதற்குப் போதாது, நண்பர்கள் கொஞ்சம் உதவினார்கள் என்று அவரே என்னிடம் சொன்னதாகக்கூட ஞாபகம். அதோடு நிறுத்தவில்லை. முக்கியமானது கணிதம், அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவருடையது என்றும் சொன்னார்.

நல்லவேளை, அன்றைக்கு ஹார்டி இருந்த டிரினிட்டி கல்லூரியில் நம் சிறப்பு விருந்தினர் இல்லை. "அப்போ இது உன் தேற்றம் இல்லப்பா, போர்ட் டிரஸ்ட் நண்பரோட தேற்றம்" என்று சொல்லிக் கப்பல் டிக்கெட்டைக் கிழித்திருப்பார்.

"ராமானுஜனும் உன் ஸ்டூடண்டும் ஒண்ணா?" என்று வருவீர்கள், தெரியும். ஒன்று இல்லை. ராமானுஜனுக்கே தேவைப்பட்டது என்கிறேன். அவ்வளவுதான்.

அடுத்து, "விண்ணப்பத்துல இது என் சொந்தப் படைப்புன்னு உறுதிமொழி கொடுக்கறாங்களே." கொடுக்கிறார்கள், கொடுக்கவும் வேண்டும். டிபன் பாக்ஸ் பையன் கொடுத்த உறுதிமொழியில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய் எங்கே இருக்கிறது என்றால், "யுனிவ் ஷார்ட்லிஸ்ட், எஸ்ஓபி, எல்ஓஆர், விசா எல்லாம் சேர்த்து பேக்கேஜ்" என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்களில் (எல்ஓஆர் என்றால் பேராசிரியர் தரும் பரிந்துரைக் கடிதம்). ரெஸ்யூமை அனுப்பினால் ராத்திரிக்குள் எஸ்ஓபி மெயிலில் வந்துவிடும். மாணவன் படித்துக்கூடப் பார்க்க மாட்டான். அது தப்பு. நூறு தடவை சொல்வேன், தப்பு. மாட்டவும் மாட்டுகிறார்கள். 2012-இல் அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் ஆண்டர்சன் மேலாண்மைப் பள்ளி, கட்டுரையைக் காப்பியடித்தார்கள் என்று 52 விண்ணப்பங்களை நிராகரித்தது. அதைத் தடுக்க ஒரு பிள்ளை உருப்படியாக உதவி கேட்க ஓர் இடம் இருக்க வேண்டாமா? உதவி கேட்டதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்றால் அடுத்த வருடம் அவள் தங்கை சொல்லாமல் பேக்கேஜ் வாங்குவாள்.

"இப்பத்தான் சாட்ஜிபிடி இருக்கே, நீங்க எதுக்கு?" இதை எழுதிய தம்பிக்கு: எனக்கும் வேலை மிச்சமாகட்டும் என்று நானும் பார்த்தேன்ப்பா. வழுவழுவென்று எழுதுகிறது. நீ சொன்னதைத்தான் அழகாகத் திருப்பிச் சொல்லும். நீ சொல்லவே கூச்சப்பட்டதை அதற்கு எங்கிருந்து தெரியும்? பெர்க்லி மாதிரி இடங்களில் எஸ்ஓபி போதாதென்று, நீ எங்கிருந்து வருகிறாய், எதைத் தாண்டி வந்தாய் என்று தனியாக இன்னொரு கட்டுரை வேறு கேட்பார்கள். அதை எழுதச் சொல்லிப் பார், உனக்கு இல்லாத ஏழைப் பாட்டி ஒருத்தி வந்து நிற்பாள்.

"காசு வாங்கறீங்கள்ல, அப்படித்தான் பேசுவீங்க." ஆமாம், வாங்குகிறேன். முடிந்தவர்களிடம் வாங்குகிறேன், முடியாதவர்களிடம் வாங்குவதில்லை. ஜிஆர்இ நுழைவுத் தேர்வுக்குக் கட்டணம் கட்டலாம், டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கோச்சிங்குக்குக் கட்டலாம், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் டாலரில் கட்டலாம், எனக்கு மட்டும் கட்டினால் பாவமா? இதற்கு மேல் இதில் பேச எனக்கு விருப்பமில்லை.

இனி நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அரங்கத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்த பேராசிரியர்களே, எல்ஓஆர் யார் எழுதுகிறார்கள்?

"நீயே டைப் பண்ணிட்டு வா, லெட்டர் ஹெட்ல சைன் பண்றேன்." இந்த வரியைக் கேட்காமல் தமிழ்நாட்டில் எத்தனை பேர் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்திருப்பீர்கள்? "இவரை நான் மூன்று ஆண்டுகளாக நெருக்கமாக அறிவேன், என் மாணவர்களில் இவர் தலைசிறந்தவர்" என்று இருபத்தொரு வயதுப் பையன் தன்னைப் பற்றித் தானே, சார் குரலில் எழுதுகிறான். கூச்சத்தில் நெளிந்துகொண்டே எழுதுகிறான். பல்கலைக்கழகத்திலிருந்து லிங்க் வந்ததும் சார் தன் மொபைலை எடுத்து அவன் கையிலேயே கொடுத்து "நீயே அப்லோடு பண்ணிடுப்பா" என்கிறார். உறுதிமொழி, நேர்மை, சொந்தப் படைப்பு எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிருந்தது? அந்தப் பெண்ணுக்குக் கடிதம் கொடுத்தவர்களில் யாராவது அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டார்களா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

நன்றி சொன்னதுதான் அவள் செய்த குற்றம். சொல்லாமல் இருந்திருந்தால் "எங்கள் கல்லூரியின் தவப்புதல்வி" என்று வாசலில் ஃபிளெக்ஸ் வைத்திருப்பீர்கள். வைக்கத்தான் போகிறீர்கள், அட்மிட் வந்தது உங்கள் கல்லூரியின் பெருமை ஆயிற்றே. அதில் முதல்வர் படம் அவள் படத்தைவிடப் பெரிதாக இருக்கும். அப்போது யாரும் "இது யாரோட அட்மிட்?" என்று கேட்க மாட்டார்கள்.

வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரியும். அவர்களுக்கு எழுத வராமல் இல்லை. எழுதலாமா என்பதுதான் சந்தேகம். அப்பா வேலை, ஊர், டிபன் பாக்ஸ் எல்லாம் மறைக்க வேண்டியவை என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று நேற்றைய வீடியோவைப் பார்த்தால் தெரிகிறது.

அந்தப் பெண்ணின் அக்கா யாராக இருந்தாலும் இந்தப் பதிவைப் பார்த்தால் எனக்கு இன்பாக்ஸில் ஒரு ஹாய் சொல்லுங்கள்.

மற்றபடி, டிசம்பர் 15 கெடு வைத்திருக்கிறவர்கள் இந்த வாரமே டிராஃப்ட் அனுப்புங்கள், கடைசி நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பினால் நான் பார்க்க மாட்டேன். "மேம், நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க, எவ்வளவு ஆகும்?" என்று கேட்பவர்களை பிளாக் செய்வேன். கமெண்டில் நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்க வருகிற பேராசிரியர்கள், கடைசியாகத் தாங்கள் சொந்தமாக டைப் செய்த எல்ஓஆரின் தேதியையும் சேர்த்துப் போட்டுவிட்டு ஆரம்பிக்கலாம்.