கருகல் தண்ணீர்க் குறையால் மட்டுமல்ல

உப்பு மண்ணில் நெல் இலை கருகுவதற்குத் தண்ணீர்க் குறைதான் காரணம் என்று உங்கள் கட்டுரை முடித்துவிட்டது. அது பாதிதான். வேர் நீர் உறிஞ்சத் திணறும்போது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இலையில் கூடும். இலைத்துளைகளைத் திறந்து மூடும் காவல் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறி அத்துளைகள் மூடும். இது சீக்கிரமே நடந்துவிடும். கருகல் அப்புறம்தான், உப்பிலுள்ள சோடியம் நாள்கணக்கில் இலையில் சேர்ந்த பிறகு. அதனால்தான் எங்கள் நாகப்பட்டினம் பக்க வயல்களில் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளின் நுனி முதலில் காய்கிறது, குருத்து பச்சையாக நிற்கிறது.

கேரளத்துப் பொக்காளி நெல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தம். சோடியத்தை இலைக்குக் குறைவாகவே விடும் ரகம் அது. அதற்குத் துணைபோகும் 'சால்டால்' என்ற மரபணுப் பகுதி நெல்லின் 1ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதை மற்ற ரகங்களுக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறார்கள். தயவுசெய்து அதையும் எழுதுங்கள்.