ரெசின் அடைப்பது ஏமாற்று வேலை இல்லை

"காரின் முன் கண்ணாடியில் பொட்டு அளவு சில் பெயர்ந்தாலும் முழுசாக மாற்றித்தான் ஆகணும், ரெசின் என்ற பசை போன்ற திரவத்தைப் போட்டு அடைப்பது ஏமாற்று வேலை" என்று சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். கல் தெறித்து வெளித் தகடு மட்டும் நாணய அளவுக்குள் பெயர்ந்திருந்தால், அந்தக் குழியிலுள்ள காற்றை உறிஞ்சிவிட்டு ரெசினைச் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுக வைப்பார்கள். உற்றுப் பார்த்தால் மங்கலாக ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். விரிசல் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

விரிசல் ஓரத்தைத் தொட்டுவிட்டாலோ, ஓட்டுபவரின் நேர்ப்பார்வையில் இருந்தாலோ, உள் தகடும் உடைந்திருந்தாலோ மாற்றுவதுதான் சரி, அதில் கஞ்சத்தனம் வேண்டாம், ஏனென்றால் பல கார்களில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியில்தான் முட்டுக்கொடுத்து நிற்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார் என்றால் கண்ணாடியை மாற்றியதும் கேமராவை மறுபடி அளவமைக்கச் (கேலிபரேஷன் செய்ய) சொல்லுங்கள்.

அப்புறம், சில் பெயர்ந்த அன்றே அதன்மேல் தெளிவான டேப் ஒட்டுங்கள். தண்ணீரும் அழுக்கும் இறங்கிவிட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது. வெயிலில் காய்ந்த கண்ணாடிமேல் ஏசியை முழு வேகத்தில் திருப்பவும் வேண்டாம், சட்டென்று குளிர்ந்தால் விரிசல் ஓடும்.