குறியீடு வந்தால் பழுது தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை

புதிய ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டு போர்டு கோளாறைத் தானே கண்டறிந்து, அதை எழுத்தாகவோ எண்ணாகவோ, அதாவது பிழைக் குறியீடாகக் காட்டுகிறது என்று ஃபிரிட்ஜ் பழுது பற்றி நான் படித்த கட்டுரை சொல்வது உண்மைதான். ஆனால் 'பிழைக் குறியீட்டைப் பார்த்து உதிரிப்பாகத்தை மாற்றினால் போதும்' என்ற வரியை, ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

போர்டு வெப்பநிலையை நேரடியாக அறிவதில்லை. வெப்பநிலைக்கேற்ப மாறும் சென்சாரின் மின்தடையைப் பொறுத்து அமையும் மின்னழுத்தத்தைத்தான் படிக்கிறது. ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ அந்த அளவு எல்லைக்கே ஓடிவிடும். உடனே குறியீடு வரும். சிக்கல் நடுவில்தான் இருக்கிறது. ஈரம் புகுந்து மின்தடை சற்றே விலகினால், போர்டு அந்த அளவையும் நம்பிவிடும். பால் திரிந்துபோகும், குறியீடு வராது. இப்படிச் சந்தேகம் வந்தால் சென்சாரைக் கழற்றி, பனிக்கட்டி மிதக்கும் நீரில் வைத்து மீட்டரால் அளந்துவிடுவேன். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் சென்சார், இந்த நீரின் 0 டிகிரியில் ரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 27 முதல் 33 கிலோ ஓம் காட்ட வேண்டும்.

உள்ளே படியும் உறைபனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் அமைப்பின் குறியீடும் அப்படித்தான். பழுது ஹீட்டரிலா, ஃபியூஸிலா, கனெக்டரில் பிடித்த பச்சைக் களிம்பிலா என்பதைக் கையால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விசாரிக்காமல் போர்டையே மாற்றிவிட்டு, வாடிக்கையாளர் தலையில் பெரும் செலவைக் கட்டுவது அநியாயம்.

குறியீடுகளின் விளக்கத்தையும் சென்சாரின் மின்தடை அட்டவணையையும் தயாரிப்பாளர்கள் ஃபிரிட்ஜின் பின்புறத்திலேயே ஒட்டித் தர வேண்டும். கட்டுரையாளர் அடுத்த முறை இதை வலியுறுத்தி எழுதுவாரா?