அபராதம் கட்டவும் கொடுப்பினை வேண்டும்

2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் கருவாட்டைப் பனையோலைப் பெட்டியில் கட்டிக் கொடுக்கும் என் கடைக்கு, கச்சான் காற்று தென்கடல் கரையிலிருந்து அள்ளி வந்து வாசலில் ஒதுக்கிய எவருடையதோ ஒரு பிரியாணிப் பைக்காக அபராதச் சீட்டு எழுதியிருக்கிறார்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் காற்றுக்கு யார் சீட்டு எழுதுவது? மறுப்புச் சொல்லப் போனால், எழுதியவர் களப்பணியில் இருக்கிறாராம். தொலையட்டும், கட்டிவிடுவோம் என்று போனால் சர்வர் படுத்துவிட்டது. அது எழுந்த நாளில் ரசீது போடுபவர் விடுப்பு. சீட்டிலோ கார்பன் மங்கி என் பெயரே அழிந்துவிட்டது, தொகை மட்டும் பளிச்சென்று நிற்கிறது. அலுவலக முகப்பில் 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று பெரிய ஃப்ளெக்ஸ் பதாகை (அது பருத்தியில் நெய்தது போலும்!). தாமதமானால் தொகை கூடும் என்று எழுத்தர் அக்கறையோடு எச்சரித்தார். தாமதம் யாருடையது ஐயா?